குப்பையைப் பிரித்தும் சரிவரவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கும் வழி

சென்னையில் 12 வீடுகள் உள்ள ஒரு சின்ன அடுக்ககத்தில் குடியிருக்கிறேன். ஆறு வருடமாகக் குப்பை விஷயத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். யார் வந்து பேசினாலும் பேச்சு ஒரே மாதிரிதான் தொடங்கும்: "நாங்க பிரிச்சுத்தான் போடுறோம், ஆனா..." அந்த "ஆனா"வுக்குப் பிறகு வருவது வீட்டுக்கு வீடு மாறும். ஒரு வீட்டில் நாற்றம், இன்னொரு வீட்டில் புழு, வேறொரு வீட்டில் வண்டிக்காரர் பையைத் திருப்பித் தந்துவிட்டார். காரணத்தைத் தேடிப் போனால் முக்கால்வாசி நேரம் ஒரே இடத்தில் போய் நிற்கும். ஈரக்குப்பையும் உலர்குப்பையும் எங்கேயோ ஒன்றையொன்று தொட்டிருக்கும். தொட்ட இடம் எது என்று தெரிந்துவிட்டால் சரிசெய்வது சுலபம்.

உங்கள் வீட்டு அறிகுறி எதுவோ அதை மட்டும் படித்தாலும் போதும். அதற்கு முன் ஒன்று. 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள் மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு என்று மூன்றாகப் பிரிக்கச் சொல்லியிருந்தன. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகளில் அது நான்காகிவிட்டது: ஈரக்குப்பை, உலர்குப்பை, நாப்கின் டயப்பர் போன்ற சுகாதாரக் கழிவு, அப்புறம் பெயின்ட் டப்பா, பல்பு, பாதரசத் தெர்மாமீட்டர், மருந்து போலத் தனிக் கவனம் வேண்டிய கழிவு. வீட்டில் நான்கு தொட்டி வைக்க இடமில்லை என்று பயப்பட வேண்டாம். தினமும் நிறைவது முதல் இரண்டும்தான். மற்ற இரண்டுக்கும் ஒரு பழைய டப்பாவும் ஒரு பேப்பர் பையும் போதும்.

அறிகுறி 1: உலர்குப்பைப் பையை வண்டியில் வாங்க மறுக்கிறார்கள்

கோபப்படாமல் பையை வீட்டுக்குக் கொண்டுவந்து, பழைய நியூஸ்பேப்பரை விரித்து அதன்மேல் கொட்டிப் பாருங்கள். எதிர்வீட்டுப் பெண்ணோடு சேர்ந்து ஒருநாள் நான் இதைச் செய்தேன். உள்ளே இருந்தவை: மூன்று பால் கவர், தயிர் டப்பா ஒன்று, சாம்பார் ஒட்டிய பார்சல் பொட்டலம், ஈர டிஷ்யூ, ஒரு வாரத்து மளிகைச் சாமான் கவர்கள், அட்டைப்பெட்டி. எல்லாமே "மக்காத"தில் போட வேண்டியவை என்று நினைத்துப் போட்டவைதான். ஆனால் அட்டைப்பெட்டி ஊறிப்போயிருந்தது. தயிர் டப்பாவில் மிச்சமிருந்த இரண்டு ஸ்பூன் தயிர் மளிகைக் கவர்கள் எல்லாவற்றிலும் இழுகியிருந்தது. பையில் பிசகியது அந்தத் தயிர், சாம்பார், ஈர டிஷ்யூ, அவ்வளவுதான். அதற்காக மொத்தமும் வீணாகிவிட்டது.

பால் கவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தினமும் வீட்டுக்குள் வரும் பிளாஸ்டிக் இது. பழைய பேப்பர் கடையில் எடுத்துக்கொள்ளும் நல்ல பிளாஸ்டிக்கும்கூட. மூலையை முழுசாக வெட்டி எடுக்காதீர்கள். கத்தரித்த நகத்தளவுத் துண்டு எந்தச் சல்லடையிலும் நிற்காது. பிரிக்கும் இடத்தில் யாராலும் பொறுக்க முடியாது. அது நேராகச் சாக்கடைக்கும் மண்ணுக்கும்தான் போகும். ஒரு வெட்டு மட்டும் போட்டு, மூலை கவரோடு ஒட்டித் தொங்கும்படி விடுங்கள். பாலை ஊற்றியதும் அரை டம்ளர் தண்ணீர் விட்டு ஒரு குலுக்கு. அந்தத் தண்ணீரை என் அம்மா பால் பாத்திரத்திலேயே ஊற்றிவிடுவார். நான் செடிக்கு ஊற்றுகிறேன். பிறகு கவரைத் தலைகீழாகக் கிளிப்பில் மாட்டினால் மதியத்துக்குள் காய்ந்துவிடும்.

மற்ற டப்பாக்களுக்குத் தனியாகத் தண்ணீர் செலவழிக்க வேண்டாம். பாத்திரம் கழுவி முடித்ததும் மிஞ்சும் கடைசித் தண்ணீரில் ஒரு அலசு போதும். பளபளவென்று ஆக வேண்டியதில்லை. கையால் தொட்டால் பிசுபிசுக்காமல், மூக்கருகே வைத்தால் வாடை வராமல் இருந்தால் சரி. கழுவிய உடனே பையில் போடாதீர்கள், காயட்டும். காயாமல் போட்ட ஒரே ஒரு டப்பா பையிலுள்ள காகிதம் முழுவதையும் கெடுக்கும்.

அறிகுறி 2: பழைய பேப்பர் கடையில் பாதியை ஒதுக்கித் தள்ளுகிறார்கள்

சுத்தமாக, காயவைத்துக் கொண்டுபோனாலும் இது நடக்கும். இங்கே ஈரம் காரணமில்லை. ஒன்றோடொன்று ஒட்டிய பொருள்கள்தான் காரணம். எங்கள் தெருக் கடை அண்ணாச்சி எனக்குச் சொல்லிக்கொடுத்தது இது. சிப்ஸ் பாக்கெட் ஒன்றை உள்ளங்கையில் வைத்துக் கசக்கினார். கையைத் திறந்ததும் அது சரசரவென்று விரிந்து பழையபடி ஆகிவிட்டது. அப்புறம் சாப்பாடு கட்டிவந்த அலுமினியத் தாளைக் கசக்கினார். அது உருண்டையாக அப்படியே நின்றது. "விரிஞ்சா எனக்கு வேணாம்மா, நின்னா குடுங்க" என்றார். விரிவது பிளாஸ்டிக்கின் மேல் மெல்லிய உலோகப் பூச்சு பூசியது. இரண்டையும் பிரித்தெடுக்கச் செலவு அதிகம், அதனால் யாரும் வாங்குவதில்லை. அதை உலர்குப்பையாக மாநகராட்சி வண்டியில்தான் கொடுக்க வேண்டும். சிமென்ட் ஆலைச் சூளைகளில் எரிபொருளாகச் சேர்ப்பதுதான் அதற்கு இன்றுள்ள பெரிய வழி.

இதுபோல வீட்டிலேயே செய்துபார்க்கக்கூடியவை இன்னும் சில உண்டு. கடையில் தரும் பில்லை நகத்தால் கீறுங்கள். கறுப்புக் கோடு விழுந்தால் அது வெப்பத்தாள். ரசாயனப் பூச்சு உள்ளது, காகிதத்தோடு சேர்க்கக் கூடாது. பேப்பர் கப்பின் விளிம்பை மெதுவாகக் கிழித்தால் உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் படலம் பிரிந்து வரும். இந்தப் பூச்சுள்ள கப்புகள் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட பட்டியலில் உள்ளவை. ஹோட்டல் பார்சலில் வாழை இலை மாதிரியே பச்சையாக வரும் தாளையும் இதே மாதிரி கிழித்துப் பாருங்கள். படலம் வந்தால் அது இலையல்ல, மக்கும் குப்பையில் போடக் கூடாது. எங்கள் உரத்தொட்டியில் ஒருமுறை தெரியாமல் விழுந்த அந்தத் தாள், எல்லாம் மக்கிய பிறகும் அச்சடித்த நரம்பு மாறாமல் அப்படியே வெளியே வந்தது.

டப்பா, பாட்டில்களின் அடியில் முக்கோணத்துக்குள் ஒரு எண் இருக்கும். 1 தண்ணீர் பாட்டில், 2 ஷாம்பு பாட்டில் வகை, 5 பெரும்பாலான மூடிகளும் பார்சல் டப்பாக்களும். இவை விலைபோகும். 3, 6, 7 ஆகியவற்றுக்கு ஆள் கிடைப்பது கஷ்டம். 6 என்பது தெர்மாகோல் வகை. மூட்டை நிறையக் கொண்டுபோனாலும் எடை நிற்காது என்பதால் யாரும் தொடமாட்டார்கள். தகர டப்பாவா அலுமினியமா என்று சந்தேகம் வந்தால் காந்தத்தை வையுங்கள். ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் அலுமினியம். அலுமினியத்துக்கு விலை அதிகம், தனியாக வையுங்கள். பீட்சா அட்டையில் எண்ணெய் பட்ட அடிப்பக்கத்தைக் கிழித்து மக்கும் குப்பையில் போட்டுவிட்டு, சுத்தமான மூடியை அட்டையோடு சேர்க்கலாம்.

கண்ணாடிக்குக் கடைகளில் மதிப்பு மிகக் குறைவு. பல கடைகள் வாங்குவதே இல்லை. ஆனால் கையில் காசு திரும்பி வரும் என்றால் பாட்டிலும் திரும்பி வரும். 2022 மே மாதம் நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் முறை வந்தது. காட்டில் பாட்டில் உடைந்து யானைக் காலில் குத்துகிறது என்ற வேதனையிலிருந்து உயர் நீதிமன்றம் வரை போய் வந்த ஏற்பாடு அது. வீட்டுக் கண்ணாடியில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். முகம் பார்க்கும் கண்ணாடி, ஜன்னல் கண்ணாடி, சூடு தாங்கும் பாத்திரம் ஆகியவற்றைப் பாட்டிலோடு கலக்கக் கூடாது. உருகும் சூடு வேறு என்பதால் மொத்த உருக்கும் கெட்டுவிடும்.

அறிகுறி 3: மக்கும் குப்பைத் தொட்டி ஒரே நாளில் நாறுகிறது

தொட்டியைச் சாய்த்துப் பாருங்கள். அடியில் தண்ணீர் ஓடினால் அதுதான் காரணம். காய்கறித் தோல் ஒருநாளில் நாறாது. ரசத்திலும் மோரிலும் ஊறிய காய்கறித் தோல்தான் நாறும். சிங்க்கில் ஒரு பழைய டீ வடிகட்டியையோ துளைபோட்ட டப்பாவையோ வைத்து, மிச்சக் குழம்பு, ஊறிய சோறு எதுவானாலும் வடித்துவிட்டுப் போடுங்கள். தொட்டிக்கு அடியில் இரண்டு மடிப்பு நியூஸ்பேப்பர். மேலே ஒரு பிடி மரத்தூளோ சருகோ தூவினால் ஈயும் வராது.

பிளாஸ்டிக் கவரை உள்ளே விரித்து அதில் போட்டு முடிச்சுப் போட்டுத் தருகிறவர்களை இந்த இடத்தில் நிறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த முடிச்சை யாரோ ஒரு தூய்மைப் பணியாளர் கையால் கிழித்து, உள்ளேயிருப்பதைக் கொட்டி, கவரை உதறி வேறு பையில் போடுகிறார். எங்கள் தெருவுக்கு வரும் அக்கா ஒருநாள் நான் தந்த முடிச்சை அவிழ்த்துக்கொண்டே, "ஏம்மா, வாளியோட குடுத்தா நான் கவுத்துட்டுத் திருப்பிக் குடுத்துடுவேன்ல" என்றார். அன்றிலிருந்து எங்கள் 12 வீட்டிலும் வெறும் வாளிதான். "மக்கும்" என்று அச்சடித்த பச்சைக் கவரும் இங்கே உதவாது. மக்கும் பிளாஸ்டிக்குக்கான ஐ.எஸ். 17088 என்ற இந்தியத் தரத்தில் உள்ள கவர்கூட பெரிய உரக்கூடங்களின் சூட்டில் மக்கத்தான் சோதிக்கப்பட்டது. வீட்டு வாளியில் அது மாதக்கணக்கில் கிடக்கும்.

மீன், இறால், கோழிக் கழிவு மட்டும் தனி விஷயம். ஞாயிற்றுக்கிழமை மதியம் கழுவினால் வண்டி வருவதோ மறுநாள் காலை. கழிவைப் பழைய டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டு, வண்டி வரும்போது எடுத்துக் கொடுங்கள். கேட்க ஒருமாதிரி இருக்கும், செய்து பார்த்தவர்கள் விடமாட்டார்கள்.

அறிகுறி 4: உரத்தொட்டி வைத்தோம், அதுவும் சரியில்லை

வீட்டிலேயே மக்கவைத்துவிட்டால் பாதிக் குப்பைக்கு மேல் வாசலைத் தாண்டாது. 20 லிட்டர் பெயின்ட் வாளியில் அடியிலும் பக்கத்திலும் துளை போட்டாலே தொட்டி தயார். வாரக்கணக்கில் உழைத்துவிட்டு மனம் விட்டுப்போய் நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். நிறுத்த வேண்டாம், வாளி என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

அழுகிய முட்டை வாடை வந்தால் காற்றில்லை, ஈரம் அதிகம். உள்ளேயிருப்பதில் ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். பிழிந்து விட்ட துணி போல ஒன்றிரண்டு சொட்டு கசிந்தால் சரி. ஓடினால் அதிகம். எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கொட்டி, சம அளவு சருகோ தேங்காய் நார்த்தூளோ கலந்து, திரும்ப வாளியில் போடுங்கள். இரண்டு நாளில் வாடை போகும்.

மூக்கைக் குத்தும் மூத்திர வாடை வந்தால் பிரச்சினை வேறு. தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகமாகி அம்மோனியா வாயு கிளம்புகிறது. பருப்பு, காய்கறி, டீத்தூள் மட்டும் போட்டுக்கொண்டே இருந்தால் இப்படி ஆகும். மருந்து அதே சருகுதான், கூடவே கிழித்த அட்டையும் சேர்க்கலாம். ஒரு பங்கு சமையலறைக் கழிவுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு சருகு என்று கண்ணளவாகப் போட்டுவந்தால் இது வராது.

ஒன்றுமே நடக்காமல் போட்டது போட்டபடி கிடந்தால், எறும்பும் ஓடினால், காய்ந்துவிட்டது. தண்ணீரையோ புளித்த மோர் கலந்த தண்ணீரையோ தெளித்துக் கிளறுங்கள். முழு வாழைப்பூ மடல், முருங்கைக்காய்ச் சக்கை, முட்டை ஓடு எல்லாம் தாமதமாகத்தான் மக்கும். நறுக்கி, நொறுக்கிப் போடுங்கள். தேங்காய் ஓட்டையும் மாங்கொட்டையையும் இதில் போடாதீர்கள், வருடக்கணக்காகும்.

சாம்பலும் பழுப்புமாகக் கொழுத்த புழுக்கள் நெளிகின்றன என்று அலறிக்கொண்டு ஓடிவருவார்கள். அவை கறுப்புச் சிப்பாய் ஈயின் புழுக்கள். கடிக்காது, நோய் பரப்பாது, நாம் ஒரு மாதத்தில் மக்கவைப்பதைச் சில நாளில் தின்று தீர்க்கும். பிடிக்காவிட்டால் மேலே மூன்று விரல்கடை கனத்துக்குச் சருகு போர்த்துங்கள், புது ஈ முட்டையிடாது. வெள்ளைப் பூஞ்சணம் படர்ந்தாலும் பயமில்லை, வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

சருகு எங்கே கிடைக்கும் என்பதுதான் சென்னைக்காரர்களின் நிஜமான கேள்வி. மாசி, பங்குனியில் வேம்பும் புங்கையும் இலை உதிர்க்கும். நாட்டு வாதுமை மரம் உள்ள தெருவென்றால் இன்னும் யோகம். அப்போது நாலைந்து சாக்கு அள்ளிக் கட்டி மாடிப்படிக்கு அடியில் வைத்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் மிதமிஞ்சிப் போகும்போது அந்தச் சாக்குதான் காப்பாற்றும். இந்த இலைகளைத் தெருமுனையில் குவித்துக் கொளுத்துகிறார்களே, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

அறிகுறி 5: நாய் பையைக் கிழிக்கிறது, அல்லது பணியாளர் கையில் ஏதோ குத்திவிட்டது

இரண்டையும் சேர்த்துச் சொல்லக் காரணம், இரண்டும் தனியாக வைக்க வேண்டியதைச் சேர்த்துவைத்ததால் வருவது. நாய் தேடுவது ரத்த வாடையும் மலவாடையும். டயப்பரில் உள்ளதை முதலில் கழிவறையில் கொட்டிவிடுங்கள். நாப்கினையும் டயப்பரையும் தனித்தனியாக நியூஸ்பேப்பரில் இறுக்கிச் சுற்றி, சிவப்புப் பேனாவால் ஒரு குறி போட்டுத் தனிப் பையில் வண்டி வரும் நேரத்தில் கையில் கொடுங்கள். முந்தைய இரவே வாசலில் வைக்காதீர்கள். கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றவே கூடாது. உள்ளேயிருக்கும் ஜெல் ஊதிக் குழாயை அடைத்துவிடும். அடைப்பெடுக்க இறங்குவதும் ஒரு மனிதர்தான்.

உடைந்த கண்ணாடி, பிளேடு, இன்சுலின் ஊசி மூன்றும் பையில் நேராகப் போகக் கூடாதவை. கண்ணாடியைப் பல மடிப்பு நியூஸ்பேப்பரில் சுற்றி அட்டைப்பெட்டியில் வைத்து "உடைந்த கண்ணாடி" என்று பெரிதாகத் தமிழில் எழுதுங்கள். ஊசிக்கும் பிளேடுக்கும் கெட்டியான பிளாஸ்டிக் டப்பா ஒன்று, மூடியோடு. ஊசியின் மூடியைத் திரும்பப் போட முயலாதீர்கள், குத்துவது அந்த நேரத்தில்தான். எங்கள் தெரு அக்காவின் வலது கட்டைவிரலில் நீளமாக ஒரு தழும்பு இருக்கிறது. அதைக் கிழித்த உடைந்த பல்பு எந்த வீட்டுடையது என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

அறிகுறி 6: எங்கே போடுவது என்று தெரியாமல் வீட்டிலேயே தங்கிவிட்டவை

வீங்கிய செல்போன் பேட்டரிதான் முதலில் வெளியேற வேண்டியது. அழுத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள், துளைக்காதீர்கள். முனைகளில் டேப் ஒட்டி, மணல் போட்ட மண்சட்டியில் வைத்து வெளியே காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். குப்பைப் பையில் போட்டால் அமுக்கும் வண்டியில் நசுங்கித் தீப்பிடிக்கும். பழைய சார்ஜர், ஒயர், எல்.இ.டி. பல்பு எல்லாம் மின்கழிவு. அவற்றை மறுசுழற்சிக்குக் கொண்டுபோகும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு உண்டு என்று 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மின்கழிவு விதிகள் சொல்கின்றன. அதனால் புதுசு வாங்கும் கடையிலேயே பழசை எங்கே தருவது என்று கேளுங்கள், கேட்க உரிமை இருக்கிறது.

டியூப்லைட்டும் சி.எஃப்.எல். பல்பும் உடைந்தால் உள்ளே பாதரசம். ஜன்னலைத் திறந்துவிட்டு, மின்விசிறியை அணைத்து, குழந்தைகளை வெளியே அனுப்பிப் பத்துப் பதினைந்து நிமிடம் அந்த அறைப்பக்கம் போகாதீர்கள். பிறகு துடைப்பம் வேண்டாம், கெட்டி அட்டையால் தள்ளி எடுங்கள். மிச்சத்தூளை டேப்பால் ஒற்றி எடுங்கள். எல்லாவற்றையும் மூடியுள்ள கண்ணாடி ஜாடியில் போட்டுத் தனியாகக் கொடுங்கள். காலாவதியான மாத்திரையை அட்டையோடு அப்படியே தனிப் பையில் தரலாம்.

அறிகுறி 7: நாம் பிரித்துக் கொடுத்தாலும் வண்டியில் ஒன்றாகக் கொட்டுகிறார்கள்

இதைப் பார்த்துவிட்டுப் பிரிப்பதையே நிறுத்தியவர்கள் நிறைய. எனக்கும் அந்த நாள் வந்தது. முதலில் நன்றாகப் பாருங்கள். பேட்டரி வண்டியில் தனித்தனித் தொட்டி இருக்கும், உலர்குப்பையைப் பக்கத்தில் தொங்கும் சாக்கில் போடுவார்கள். தூரத்திலிருந்து ஒன்றாகக் கொட்டுவது போலத் தெரியும். நிஜமாகவே கலக்கிறார்கள் என்றால், தெருவில் எத்தனை வீடு பிரித்துத் தருகிறது என்று அவரையே கேளுங்கள். எங்கள் தெருவில் அப்போது நான்கு வீடு. நான்கு வீட்டுக்காகத் தனிச் சாக்கு வைத்து என்ன பயன் என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. பக்கத்து மூன்று அடுக்ககத்தையும் சேர்த்துக்கொண்ட பிறகு சாக்கு தானாக வந்தது.

கலந்து போனது எங்கே போகும் என்பதும் தெரிந்திருக்கட்டும். பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைக் கிடங்குகளுக்குப் போய் மலையாகக் குவியும். ஈரக்குப்பை அந்த மலைக்குள் காற்றில்லாமல் அழுகி, எளிதில் தீப்பிடிக்கும் மீத்தேன் வாயு கிளம்பும். 2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடியில் பிடித்த தீ நாள்கணக்கில் எரிந்தது. அந்த ஆண்டுதான் ஒட்டியுள்ள பள்ளிக்கரணை சதுப்புநிலம், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. இப்போது அந்த மலைகளைத் தோண்டி, மண் வேறு பிளாஸ்டிக் வேறு என்று எந்திரத்தில் சலிக்கிறார்கள். தயிர் டப்பாவை அலசிப் பிரிக்காமல் நாம் விட்ட வேலையைத்தான் அங்கே அத்தனை வருடம் கழித்துச் செய்கிறார்கள்.

அதுவரைக்கும் உங்கள் கையில் இருப்பதைச் செய்யுங்கள். ஈரம் உரத்தொட்டிக்கு, விலைபோகும் உலர்ந்தது மாதம் ஒருமுறை பழைய பேப்பர் கடைக்கு. வண்டிக்கு மிஞ்சுவது சிப்ஸ் பாக்கெட்டும் சுகாதாரக் கழிவும்தான், கலந்தாலும் கெட இனி ஒன்றும் இருக்காது. சென்னையில் இருந்தால் 1913 எண்ணில் மாநகராட்சிக்குப் புகார் சொல்லலாம். சொல்லும்போது வண்டி வந்த நேரத்தையும் தெருப்பெயரையும் சொல்லுங்கள், ஓட்டுகிறவர் பெயரைச் சொல்லாதீர்கள். தனித்தொட்டி உள்ள வண்டி வேண்டும் என்று கேளுங்கள். நான் மூன்று முறை கேட்க வேண்டியிருந்தது.